சிவப்பு முள் காட்டாத அரை மணி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தக் கைக்கடிகாரத்தை எடுத்துத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது கோபம்தான். துக்கம் அதற்குப் பின்னால் மெதுவாக வந்து சேரும்.

கடிகாரத்தில் மணி காட்ட இரண்டு முட்கள். கறுப்பு முள், நாம் இருக்கிற ஊரின் மணியைக் காட்டும். நுனியில் சிவப்பு பூசிய இன்னொரு முள், நாம் நினைத்துக்கொண்டிருக்கிற ஊரின் மணியைக் காட்டும். நிமிட முள் இரண்டுக்கும் பொது. ஐம்பதுகளின் நடுவில் சுவிட்சர்லாந்தில் ஓர் ஏரிக்கரை ஊரில் அதை வாங்கினேன். விமானம் ஓட்டுகிற ஒருவர் கட்டிப் பழகி விற்றது என்றார் கடைக்காரக் கிழவர்.

கடலைக்காட்டுக் குடும்பத்தில் பிறந்த நான் சுவிட்சர்லாந்துக்குப் போனது இயந்திரத்தால். எங்கள் நிலம் காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில். எனக்கு ஏர் பிடிக்க வரவில்லை, லேத் பிடிக்க வந்தது. மைசூர் எல்லைக்கு அப்பால், பெங்களூர் ஓரத்தில் இருந்த ஒரு தொழிற்சாலையில் கடைசல் வேலை. கல்யாணமானதும் ஓசூரில் ஒரு கன்னடக்கார அம்மாவின் வீட்டுப் பின்கட்டில் குடியேறினோம். அங்கிருந்து பஸ்ஸிலும் சைக்கிளிலுமாக வேலைக்குப் போய்வருவேன்.

என் மனைவி நான் சாப்பிடாமல் சாப்பிட மாட்டாள். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், அதில் புதிதாக எதுவும் இல்லை. ஆனால் மற்ற வீட்டுப் பெண்கள் புருஷன் தாமதமானால் ஒரு வாய் எதையாவது போட்டுக்கொள்வார்கள். இவள் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வாள். இரண்டாம் ஷிப்ட் முடிந்து நான் வரும்போது, கிண்டிய களி கிண்டியபடி இருக்கும்.

"ஏன் சாப்பிடல?"

"நீங்க வராம எப்படிங்க?"

"வயித்துல புண்ணுன்னு டாக்டர் சொன்னாரா இல்லயா?"

"சொன்னாருங்க. இப்ப நீங்க உக்காருங்க."

டாக்டர் சொன்னது உண்மை. கிருஷ்ணகிரியில் காட்டியிருந்தோம். வயிற்றைக் காயப்போடக் கூடாது, நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் புண் ஒருநாள் ஆளையே சாய்த்துவிடும் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் கத்தினேன். தட்டைத் தள்ளிவைத்தும் பார்த்தேன். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள், கேட்கவும் மாட்டாள். அப்படிப்பட்ட பிடிவாதத்தோடு சண்டை போட்டு யார் ஜெயிக்க முடியும்?

அதனால்தான் ஒரு வருஷப் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தபோது, வேலையைவிட அவள் வயிற்றை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். நான் வீட்டில் இல்லாவிட்டால் காத்திருக்க ஆளில்லை. "இந்த ஒரு வருஷமாவது நேரத்துக்குச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தலையை ஆட்டினாள். பம்பாயில் கப்பல் ஏறியபோது நிம்மதியாகவே இருந்தேன்.

கடிகாரத்தை வாங்கிய அன்று கடைக்காரர் சிவப்பு முள்ளை நம் ஊர் மணிக்கு வைத்துக்கொடுக்கப் பார்த்தார். முடியவில்லை. அந்த முள் முழு மணியாகத்தான் நகரும். நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் நாலரை மணி. நாலு மணி வித்தியாசத்தில் நிறுத்தினார். மீதி அரை மணியை என்ன செய்வது என்று சைகையில் கேட்டேன். அவர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். அதை நீயே மனதில் கூட்டிக்கொள் என்று அர்த்தம். முழு மணியில் கணக்கு வைக்காத நாட்டுக்காரன் என்று என்மேல் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்த மாதிரித் தெரிந்தது.

அன்றிலிருந்து நான் இரண்டு ஊரில் இருந்தேன். இங்கே காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது அங்கே அவள் மதியத்துக்கு அரிசி களைவாள். இங்கே மதியம் மெஷினை நிறுத்தும்போது அங்கே சாயங்காலத் தண்ணீருக்குக் குடத்தோடு போவாள். வெளியூர் போனால் எல்லோரும் ஏரியையும் பனிமலையையும் பார்ப்பார்கள். நான் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெருமையை அவளிடம் அளக்காமல் இருக்க முடியவில்லை. "இங்கே ஏழு மணிக்கு ராத்திரிச் சாப்பாடு. அப்போது அங்கே பதினொன்றரை. நான் தட்டுக்கு முன்னால் உட்காரும்போது நீ பாதித் தூக்கத்தில் இருப்பாய்" என்று கடிதத்தில் எழுதினேன். கேலியாகத்தான் எழுதினேன்.

சில மாதம் கழித்து எங்கள் தொழிற்சாலையிலிருந்து இன்னொருவர் பயிற்சிக்கு வந்தார். கனகபுரா பக்கத்துக்காரர். எனக்காகப் பருப்புப்பொடி வாங்கிவர ஓசூரில் எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"ஏன்ரீ, உங்க வீட்ல அவங்க ராத்திரி பன்னெண்டுக்கு ஊட்டா பண்றாங்களாமே?"

எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கார அம்மா அவரிடம் குறைபட்டுக்கொண்டாராம். ஓசூரில் அந்தப் பக்கத்து ஜனங்கள் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது "ஊட்டா ஆய்த்தா?" என்றுதான், சாப்பாடு ஆயிற்றா என்று. அந்த அம்மா தினமும் படுக்கப்போகும் முன் என் மனைவியிடம் கேட்பாராம். அவள் டைம்பீஸைப் பார்த்துவிட்டுச் சொல்வாளாம்: "இன்னும் இல்லம்மா, அவர் உக்காரவே இன்னும் நேரமிருக்குது." சில நாள் அந்த அம்மா தூக்கம் கலைந்து வந்து பார்த்தால் விளக்கு எரியுமாம். "இன்னும் ஆகலையா?" "இல்லம்மா, அவர் இப்பத்தான் உக்காந்திருப்பார்."

"ஆள் பாதியாயிட்டாங்க ரீ" என்றார் அவர்.

எனக்கு வந்த கோபத்தில் பொடிப் பொட்டலத்தைச் சுவரில் அடித்திருப்பேன். அடிக்கவில்லை, பொடி அவள் கையால் இடித்தது. அன்றே சூடாக ஒரு கடிதம் எழுதினேன். பதில் வந்தது. கடிகாரத்தைத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். சாப்பாட்டைப் பற்றி ஒரே வரி: நீங்க அங்க பட்டினியா நிக்கறப்ப நான் இங்க எப்படித் திங்கறது?

வந்தவர் ஒரு யோசனை சொன்னார். மூன்று மணிக்கே சாப்பிட்டுவிடுவதாக எழுதிப்போடு, அங்கே ஏழரைக்கு அவள் சாப்பிடுவாள், நீ வழக்கம்போல் ஏழுக்குச் சாப்பிடு, யாருக்குத் தெரியும் என்றார். எழுதிப்போட்டேன். ஆனால் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று தோன்றிய நாள், ஏழு மணிக்கு, அங்கே நான் தங்கியிருந்த வீட்டு அம்மையார் வைத்த சூப்புக்கு முன்னால் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். சிவப்பு முள் பதினொன்றில் நின்றது. கரண்டியை எடுக்க முடியவில்லை. எழுந்து போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து சொன்ன சொல்லை நிஜமாக்கினேன். மூன்று மணிக்குக் காப்பி குடிக்கக் கொஞ்சம் இடைவேளை விடுவார்கள். ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோய், லேத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே விழுங்குவேன். அதுதான் என் ராத்திரிச் சாப்பாடு. ஏழு மணிக்கு வெறும் தண்ணீர். என் மதத்தில் ஏதோ விரதம் என்று அந்த அம்மையார் முடிவுகட்டி, அக்கம்பக்கத்தில் என்னைப் பற்றி மரியாதையாகப் பேசினார். விரதமும் இல்லை, ஒன்றும் இல்லை. வீம்பு. அவளுக்கு மட்டும்தான் பிடிவாதம் தெரியுமா என்ற வீம்பு. ராத்திரி வயிறு எரியும்போது, அவளுக்கு இப்படித்தான் எரிந்திருக்கும் என்று தெரிந்தது. அதுவரை தெரியவில்லை.

திரும்பும் வழியில் கப்பலின் மணிக்குத் திருத்தத் திருத்த, நாள் போகப் போகக் கறுப்பு முள் சிவப்பு முள்ளை நெருங்கியது. பம்பாயில் சரியாக வைத்தபோது ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சிவப்பு முள் கண்ணுக்கே தெரியாமல் போனது.

வீட்டுக்கு வந்த அன்று அவள் கடிகாரத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல நம்ம ஊரு எதுங்க?"

"சிவப்பு. இப்ப கறுப்புக்கு அடியில இருக்குது. அங்க இருந்தப்ப அரை மணி மட்டும் காட்டாது. நாமதான் கூட்டிக்கணும்."

"நானும் கூட்டிக்கிட்டேனே. நீங்க ஏழரைன்னு எழுதுனீங்க, நான் எட்டுக்குத்தான் உக்காருவேன். நீங்க நிதானமா சாப்ட்டு, கை கழுவி எந்திரிக்க அரை மணி ஆகாதா?"

நான் நின்றுகொண்டே விழுங்கியதை அவளிடம் சொல்லவில்லை. "வா, இன்னிக்கு ஒண்ணா உக்காரு" என்றேன். "போங்க நீங்க" என்று சிரித்துவிட்டு, களியை உருட்டி என் தட்டில் மட்டும் வைத்தாள்.

ஐம்பதுகள் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். ஒரு சாயங்காலம் இரத்தமாக வாந்தி எடுத்தாள். வாடகைக் கார் பிடித்துப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் நினைவு தப்பிவிட்டது. புண் உடைந்துவிட்டது என்றார்கள். நான் வெளிநாட்டில் இருந்தபோது அவள் வயிறு காய்ந்த அந்த மாதங்களால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். அப்படி இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. இத்தனை அன்பை வைத்தவள் அதில் ஒரு பிடியைத் தன் வயிற்றுக்குப் போட்டிருக்கக் கூடாதா? நான் அவளை மன்னிக்கவில்லை. அவள் இல்லாமல் என்னால் இருக்கவும் முடியவில்லை.

முதல் வருஷத் திதிக்கு அவள் படத்துக்கு முன்னால் இலை போட்டேன். களி, அவரைக்கொட்டைக் குழம்பு, கீரை. இறந்தவர்களுக்குப் படைத்த பிறகுதான் வீட்டில் இருப்பவர்கள் சாப்பிட வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். கற்பூரம் காட்டி முடித்ததும் சொந்தக்காரர்களுக்குப் பந்தி போட்டார்கள். நான் படத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்து மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கார அம்மா வாசற்படியில் நின்று, "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லம்மா" என்றேன். "அவ இப்பத்தான் உக்காந்திருக்கா. அரை மணி ஆகட்டும்."