கூட்டலின் மேல் ஒட்டிய சீட்டு

"மதினி, புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க. புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டி ஆட்டி என் உயிர வாங்காதீங்க!"

இது என் கொழுந்தன் சந்திரன் என்னைப் பார்த்துக் கத்தியது. நான் சும்மா இருப்பேனா? "ஒனக்கு ஒழுங்காப் புரிஞ்சிருந்தா எனக்குப் புரியிற மாதிரி சொல்லியிருப்பே" என்றேன். தனக்கே பாதி விளங்காததை அடுத்தவருக்கு முழுசாக விளக்குவதுதான் கம்ப்யூட்டர் தொழில். அந்தத் தொழில்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் அவன் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம், ஒரு பாத்திரக்கடை மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் சமையலை முடித்துப் பஸ் ஏறி வந்து உட்காருவேன். கான்வென்ட் படிப்பு. அதனால் இங்கிலீஷ் புத்தகத்தை வாசித்துச் சொல்வேன், போன் எடுப்பேன், வருகிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

உள்ளே உட்கார்ந்திருக்கிறவன்

சேத்தூர் ரோட்டில் பேண்டேஜ் துணி நெய்கிற மில் ஒன்று. துணி மூட்டைகள் தராசுக்கு வரும். சாக்கோடு நிறுத்த எடையில் சாக்கு எடை ஒரு கிலோவைக் கழிக்க வேண்டும். மில்லுக்காரர்கள் கணக்கு வரிகளைத் தாங்களே எழுதுவார்கள், கழிக்க மறப்பார்கள். அதற்கு சந்திரன் ஒரு வழி வைத்திருந்தான். பெர்ல் என்ற கம்ப்யூட்டர் பாஷைக்குள் இன்டர்பிரட்டர் என்று ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறானாம். நாம் எழுதின வரியைக் கூட்டு, கழி, அச்சடி என்று பிரித்து ஒவ்வொன்றாகச் செய்வானாம். அவன் கூட்டப் போகும்போது சந்திரன் சி என்ற இன்னொரு பாஷையில் எழுதின புரோகிராம் துண்டு ஒன்று குறுக்கே போய் மறிக்கும். அந்தக் கூட்டலின் மேல் 'எடை' என்று சீட்டு ஒட்டியிருந்தால் மூட்டைக்கு ஒரு கிலோ கழிக்கும். சீட்டு இல்லையென்றால், மூட்டையை எண்ணுகிற வெறும் கூட்டல், போ என்று விட்டுவிடும்.

இதை நான் மில் முதலாளிக்கு விளக்கினேன். எனக்கு என்ன விளங்கியதோ அதை. அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "அந்த உள்ள உக்காந்திருக்கவனுக்கும் சம்பளம் நான்தான் குடுக்கணுமா?"

எங்கே ஒட்டுவது?

ஒவ்வொரு கூட்டலுக்குள்ளும் குறிப்பு எழுத ஒரே ஒரு பொட்டு இடம்தான் உண்டு. சந்திரன் தன் சீட்டை முதலில் அதில்தான் எழுதினான். அதே மெஷினில் ஓடிய, பில்லுக்குத் தேதி போட வேறொரு ஆள் எழுதின துண்டும் அதே கூட்டலை மறித்து, அதே பொட்டு இடத்தில் தன் குறிப்பை எழுதிவைத்தது. இவன் எழுதினதை அது அழிக்க, அது எழுதினதை இவன் அழிக்க, பில்லில் தேதி வரவேண்டிய இடத்தில் எடை வந்தது. கடைசியில் சந்திரன் சீட்டுகளை வெளியே தனி அட்டவணையாக வைத்தான்: நினைவகத்தில் இன்ன இடத்தில் இருக்கிற கூட்டலுக்கு இன்ன சீட்டு. நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். அப்போதுதான் மேலே சொன்ன சண்டை.

கோபத்தோடு கீழே இறங்கினால், பாத்திரக்கடை பாய் கையில் பேர் வெட்டுகிற மெஷினோடு முழித்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். பொண்ணு வீட்டார் தங்கள் பேரைக் குடத்தின் கழுத்தில் வெட்டச் சொல்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டாரும் தங்கள் பேரை அதே கழுத்தில்தான் வெட்டச் சொல்கிறார்கள். பாய் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு பேரையும் ஒரே எடத்துல வெட்டுனா குடம் ஓட்டையாத்தாம்மா போகும்!"

காலையில் சரி, மத்தியானம் களவு

மில்லில் தராசடியில் நிற்கிறவள் பேச்சியம்மாள். முப்பது வயதிருக்கும், சேத்தூர்க்காரி. நிறுத்து, எண்ணி, மெஷினில் போடுவது அவள் வேலை. புதுக் கணக்கு வந்த பிறகு தினமும் மத்தியானத்துக்கு மேல் மூட்டை எண்ணிக்கையில் ஒன்றிரண்டு குறைந்தது. சனிக்கிழமைக்குள் கணக்கு நேராகாவிட்டால் வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். சந்திரன் காலையில் போய், சரக்கு வாங்குகிற ஒரு பார்ட்டிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தான், அச்சுப் பிசகாமல் வந்தது. "மெஷின்ல தப்பில்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். அந்த ஒரு வார்த்தை போதாதா அவள் தலையில் பாறாங்கல்லைப் போட?

அவள் எங்கள் மாடிக்கே வந்துவிட்டாள். அழவில்லை, கோபமாக இருந்தாள். "மெசினும் ஒண்ணு சொல்லுது, நானும் ஒண்ணு சொல்லுதேன். அவிய மெசினு சொல்லுததத்தான் கேக்காவ. நீங்களாவது நான் சொல்லுததக் கேளுங்கக்கா."

நாள் முழுக்கப் போடு

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பொறுமையும் இல்லை. "ஏலே, நீ காலையில ஒரே ஒரு பார்ட்டியப் போட்டுப் பாத்துட்டு நல்லாருக்குன்னு வந்துட்டே. அவ பார்ட்டி மேல பார்ட்டியா பொழுது சாயுற வரைக்கும் போடுதா. அவ போடுற மாதிரியே போட்டுப் பாரு" என்று அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன். முதல் பார்ட்டி சரி. அடுத்ததும் சரி. அதற்கடுத்த பார்ட்டியில் ஒரு மூட்டை காணோம்! சந்திரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையோடு ஒட்டி உட்கார்ந்தான்.

அந்தக் கணக்கு ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஒரு வரியை அந்த நேரத்தில் உண்டாக்கி, ஓட்டி, அழித்துவிடுமாம். அழித்த இடம் காலியாகக் கிடக்கும். அடுத்த பார்ட்டியின் மூட்டை எண்ணுகிற கூட்டல் அங்கே வந்து உட்கார்ந்தால், அட்டவணையில் அந்த இடத்துக்கு இருந்த பழைய 'எடை' சீட்டு அதன் மேல் விழும். மூட்டை எண்ணிக்கையில் போய் ஒரு கிலோவைக் கழித்தால் ஒரு மூட்டை குறையாமல் என்ன செய்யும்? "சீட்ட சாமான்ல ஒட்டாம அலமாரித் தட்டுல ஒட்டிட்டேன் மதினி. குடத்த எடுத்தாச்சு. அங்க வச்ச டம்ளரையும் குடம்னு நெனச்சிருச்சு." வரியை அழிக்கும்போதே சீட்டையும் கிழித்துப் போடும்படி மாற்றி எழுதினான். அழித்த வரி எங்கே போகும் என்று நான் கேட்டதற்கு அவன் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பேச்சியம்மாள் மட்டும் கேட்டாள்: "அப்போ காணாமப் போன மூட்டை, வச்ச எடத்துலயேதான் இருந்துச்சா?"

சனிக்கிழமை

முதலாளி எங்கள் மாடிக்கு வந்தார். சந்திரன் மறிப்பதையும் ஒட்டுவதையும் கிழிப்பதையும் மூச்சுவிடாமல் விளக்கினான். அவர் அசல் என்னைப்போலவே தலையாட்டினார். "இனிமே சரியா வரும்ல? அம்புட்டுதான் வேணும்" என்று எழுந்தார். பேச்சியம்மாளுக்கு வேலை போகவில்லை. ஆனால் தராசடியில் வேறு ஆளைப் போட்டாயிற்று, அவளுக்குக் கழிவுப் பஞ்சு அறை. மில்லில் அவள் பேரும் மாறியிருந்தது, மூட்டைக்காரி, அதாவது மூட்டை திருடினவள். அவளும் படியோரம் நின்றிருந்தாள்.

ஒட்டின சீட்டைக் கிழிக்க மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டான் என் கொழுந்தன், மனுஷருக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் அவனுக்குப் பாஷை தெரியவில்லை.

முதலாளி செருப்பை மாட்டினார். நான் பின்னாலேயே போய், "மொதலாளி, செத்த நில்லுங்க" என்றேன். கீழே பாய் யாருக்கோ பேர் வெட்டிக்கொண்டிருந்தார், ஒரே இரைச்சல். முதலாளி இரண்டு படி இறங்கிவிட்டார். சத்தமாகவே சொன்னேன்:

"தப்பு மெஷினோடது, பேச்சியம்மா எதையும் எடுக்கலைன்னு மில்லுல எல்லாரும் இருக்கையில ஒரு வார்த்தை சொல்லிருங்களேன்!"