பாடாத வாய்

காடாம்புலியூர் முந்திரிக் கொட்டகையில் பெண்கள் பாடிக்கொண்டேதான் பருப்பின் தோலை உரிக்க வேண்டும். பாடுகிற வாய் பருப்பைத் தின்னாது என்பது மேஸ்திரி சிங்காரத்தின் கணக்கு. முதல் அடியை எடுத்துக் கொடுப்பவள் விருத்தாம்பாள். நல்ல குரல்.

அவள் புருஷன் மணவாளன் காய்ச்சலில் போனான். கருமாதி வரைக்கும் வீட்டில் இருக்க முடியவில்லை. யுத்த காலம். அரிசி கண்ணில் படவில்லை. மகள் தில்லையம்மாள் பலாக்கொட்டையை அடுப்புச் சாம்பலில் புதைத்துச் சுடுவாள். தோல் வெடித்ததும் உப்புத் தண்ணீர் தெளித்து, இருவரும் சூடாறும் முன் ஊதி ஊதித் தின்பார்கள். மாவுபோல் கரையும். அந்த நேரம் மட்டும் வீட்டில் அழுகை இருக்காது. மிச்சத்தை மகள் அம்மாவின் முந்தானையில் முடிந்து அனுப்புவாள்.

கொட்டகையில் விருத்தாம்பாள் பாடாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் தாடை அசைவதைச் சிங்காரம் பார்த்துவிட்டான்.

"வாயத் தொற."

நாக்கில் வெள்ளை மாவு.

"பலாக்கொட்டை மேஸ்திரி. வூட்ல சுட்டது."

"ரெண்டும் வெள்ளதான்."

"மோந்து பாரு மேஸ்திரி," என்றாள் பக்கத்தில் இருந்த தங்கம்மாள். "முந்திரிக்கும் பலாவுக்கும் வாசன தெரியாமதான் மேஸ்திரி ஆனியா?"

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் வினையாயிற்று.

"திருடலன்னா பாடு. இல்லன்னா எந்திரிச்சிப் போ. நாளைக்கும் வராத."

"கருமாதி முடியல மேஸ்திரி."

"அப்ப எதுக்கு வந்த?"

இந்தக் கூலியும் போனால் பிள்ளைக்குக் கஞ்சி இல்லை. விருத்தாம்பாள் நடவுப் பாட்டு ஒன்றை எடுத்தாள். மச்சானைக் கேலி செய்கிற பாட்டு. அவசரத்தில் அதுதான் வாயில் வந்தது. பின்பாட்டுக்கு ஒருத்தியும் சேரவில்லை. சிங்காரம் அதட்டிய பிறகு தலையைக் குனிந்துகொண்டு சேர்ந்தார்கள்.

அவள் வீடு திரும்பும் முன்பே சேதி ஊருக்குள் போயிருந்தது. கொழுந்தன் வைத்திலிங்கம் வாசலில் நின்றான்.

"எங்கண்ணன் செத்ததுக்குக் கேலிப்பாட்டா அண்ணி? பாடுற பொம்பளைக்குக் கருமாதியில என்னா வேல? புள்ளய மட்டும் அனுப்பு, போதும்."

பலாக்கொட்டை தின்றதற்காகப் பாடினேன் என்றால் யார் நம்புவார்கள்? கேட்டால் சிரிப்பார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. வைத்திலிங்கம் அதையும் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டான்.