மூன்றாம் சனிக்கிழமை செட்டியார்பட்டியில் ஆள் இல்லை

உடைகளைப் பற்றி நான்கு வருடமாக இந்த வலைப்பதிவில் எழுதுகிறேன். என் முகம் எந்தப் படத்திலும் இருக்காது. கழுத்துக்குக் கீழேதான் எல்லாம். அதனாலேயே பி.ஆர். ஏஜென்சிகள், அதாவது துணிக் கம்பெனிகளுக்கும் எழுதுகிறவர்களுக்கும் நடுவில் நின்று வேலை நடத்துகிறவர்கள், பெரும்பாலும் என்னைக் கடந்து போய்விடுவார்கள். ‘முகம் இல்லாமல் எப்படி மேடம்?’ என்பது எனக்கு வந்தவற்றில் மரியாதையான பதில்.

இந்தப் புரட்டாசியில் சென்னை ஏஜென்சி ஒன்று சம்மதித்தது. அவர்களுடைய வாடிக்கையாளர் ஒரு நைட்டி கம்பெனி. தையல் நடப்பது ராஜபாளையம் பக்கம் செட்டியார்பட்டியில். நேரில் போய், தைக்கிறவர்களோடு பேசி, கம்பெனியின் இணையதளத்துக்குப் படத்தோடு ஒரு கட்டுரை எழுத வேண்டும். சரியாக அமைந்தால் அவர்கள் தொடர்ந்து கூப்பிடுகிறவர்களின் பட்டியலில் நானும் இருப்பேன். அந்த இடத்தைப் பிடித்தே ஆக வேண்டும் என்ற முடிவோடுதான் கிளம்பினேன். (போக்குவரத்துச் செலவு ஏஜென்சியுடையது. சொற்கள் என்னுடையவை.)

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்கு மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். ராஜபாளையம் சுமார் எண்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். கல்லுப்பட்டி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மலை கூடவே வரத் தொடங்கும். பஸ்ஸில் பாதிப் பேர் நெற்றியில் நாமமும் கையில் துளசி மாலையுமாக இருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தனை பேரும் இறங்க, பஸ் பாதி காலியானது.

“இம்புட்டுப் பேரும் எங்கண்ணே போறாங்க?” என்று கண்டக்டரைக் கேட்டேன்.

“திருவண்ணாமலைக்கும்மா. மூணாஞ் சனில்லா.”

அருணாசலேஸ்வரர் இருக்கும் ஊர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே அதே பெயரில் ஒரு சிறு குன்றும் அதன் மேல் பெருமாள் கோயிலும் உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சுற்று வட்டாரமே அங்கேதான். தைக்கிறவர்களும் அங்கே போயிருப்பார்களோ என்று அப்போதே நினைத்தேன்.

ராஜபாளையத்திலிருந்து செட்டியார்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் அரை மணிக்குள் போய்விடலாம், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஏஜென்சியின் நிவேதா கம்பெனி வாசலில் நின்றிருந்தார். முந்தின இரவு ரயிலில் சென்னையிலிருந்து வந்தவர். அதுவரை மின்னஞ்சலில் மட்டுமே பழக்கம். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருப்பார். உள்ளே நாற்பது தையல் மிஷின்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு துணி மூடியிருந்தது. ஒருவர்கூட இல்லை.

“ஆளுங்க எங்க சார்?” என்று உரிமையாளரைக் கேட்டார் நிவேதா. அந்த ஊரே அவரை ஜெபராஜ் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறது.

“பெருமாளுக்குப் போயிருக்காவம்மா.”

“சனிக்கிழமை வேலை நாளான்னு கேட்டேனே. ஆமான்னீங்க.”

“வேலை நாளுதான். நான் லீவு விடலியே, தொறந்துல்லா வச்சிருக்கேன்.” அண்ணாச்சி கேலியாகச் சொல்லவில்லை. “மூணாஞ் சனிக்கு ஆளு வராது, அம்புட்டுத்தான். நாளைக்கு சர்ச் முடிஞ்சு பொறவு தொறப்பேன். எல்லாரும் வந்து ஈடுகட்டிருவாவ. எங்கப்பா காலத்துலேருந்து இப்படித்தான்.”

கிறிஸ்தவ முதலாளி, பெருமாளுக்குப் போகும் தொழிலாளிகள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் வருடா வருடம் நடக்கும் ஏற்பாடு. அதில் வெளியாளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும்.

நிவேதா என்னைக் கூடத்தின் மூலைக்கு அழைத்துப் போனார். “நீங்க ஒரு மிஷின்ல உக்காருங்க. பின்னாலேருந்து எடுக்கறேன். உங்க முகம்தான் எப்பவுமே வராதே, யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராது நிவேதா.”

“உக்காந்தா போதும். இது எனக்குத் தனியா குடுத்த முதல் வேலை. படம் இல்லாம நான் சென்னைக்குப் போக முடியாது.”

அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. எனக்கும் அதே பயம்தான். மறுத்தால் என் பெயர் அத்தோடு முடிந்துவிடலாம். ஆனால் முகத்தை நான் மறைத்துக்கொள்வது என் சொந்த விஷயம். அந்த மறைவில் இன்னொருத்தியின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், இங்கே வந்து படிக்கிறவர் என்னிடம் நம்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. முடியாது என்றேன். பிறகு, “மலைக்குப் போவோம். அவங்களையே கேப்போம்,” என்றேன்.

ராஜபாளையம் திரும்பி, அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ் ஸ்டாண்டிலேயே மலைக்குச் சிறப்புப் பஸ் நிற்கிறது. அண்ணாச்சி போனில் சொல்லி வைத்திருந்ததால் சூப்பர்வைசர் முத்துமாரி அக்காவும் பத்துப் பெண்களும் அடிவாரத்துக் குளத்தருகே காத்திருந்தார்கள். புளியோதரை பிரித்தாகிவிட்டது.

“ஏட்டி, மெட்ராஸ்காரவிய நம்மளத் தேடி மலைக்கே வந்துட்டாவ,” என்றாள் ஒருத்தி.

நிவேதா இங்கேயே இரண்டு படம் எடுக்கலாமா என்று கேட்டார்.

“பெருமாள் முன்னால நைட்டிக்கு வெளம்பரமா? நல்லா இருக்கு போங்க,” என்று முத்துமாரி அக்கா சிரித்தார். “நாளைக்கு மூணு மணிக்கு வாங்க. எம்புட்டுப் படம்னாலும் எடுங்க. இப்ப செத்த நேரம் இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க.”

சாப்பிட்டோம். நிவேதாவுக்கு அன்று மாலையே ரயில். தள்ளிப் போய் அலுவலகத்துக்குப் பேசினார். “நாள் நான்தான் ஃபிக்ஸ் பண்ணேன்,” என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. என்னையோ அண்ணாச்சியையோ கைகாட்டவில்லை. திரும்பி வந்து, “நீங்க தங்கி எடுத்து அனுப்புவீங்களா? ரூமுக்கு ஆபீஸ்ல காசு குடுக்க மாட்டாங்களாம்,” என்றார். தங்குகிறேன் என்றேன். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் எண்ணூறு ரூபாய்க்குச் சுத்தமான அறை கிடைத்தது.

ஞாயிறு மூன்று மணிக்கு அதே கூடத்தில் மிஷின்கள் ஓடும் சத்தத்தில் எங்கள் பேச்சு எங்களுக்கே கேட்கவில்லை. கைகளையும் துணியையும் மட்டும் படம் எடுத்தேன். அவர்களும் அதைத்தான் விரும்பினார்கள். புதிய நைட்டி ரகத்தில் போன் முழுசாக இறங்கும் ஆழத்துக்குப் பக்கவாட்டில் ஒரு பை தைத்திருந்தது. கம்பெனி எனக்கு அனுப்பிய குறிப்பில் இந்த உடைக்குப் பெயர் ‘லவுஞ்ச் வேர்’, வீட்டில் சாவகாசமாக இருக்கும்போது போடுவது என்று அர்த்தம். முத்துமாரி அக்காவிடம் சொன்னேன். “என்ன பேரோ. மேல ஒரு துண்டப் போட்டா கடைத்தெரு வரைக்கும் போகலாம், அது பத்தாதா?” என்றார். கட்டுரையின் முதல் வரியாக அதையே வைத்தேன்.

சனிக்கிழமை மூடிக் கிடந்த மிஷின்களைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதை எடுத்துவிடச் சொன்னார் நிவேதாவின் மேலாளர். துணி பற்றிய தகவலில் பிழை இருந்தால் திருத்துகிறேன், படங்களை நீங்களே தேர்ந்தெடுங்கள், அந்தப் பத்தி மட்டும் இருக்கும், வேண்டாமென்றால் கட்டுரையே வேண்டாம், எனக்குக் கோபமில்லை என்று பதில் எழுதினேன். சில நாள் கழித்து, தலைப்பில் மட்டும் அதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு அப்படியே வெளியிட்டார்கள். நான் ஒத்துக்கொண்டேன். இந்தப் பதிவுக்குத் தலைப்பு வைக்கிற உரிமை என்னிடமே இருக்கிறது.

ஏஜென்சிகளோடு வேலை செய்யப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான்: எதைச் செய்ய மாட்டீர்கள் என்பதை முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். நான் முகத்தைப் பற்றி எழுதினேன், நடிப்பதைப் பற்றி எழுத விட்டுப்போனது. முடியாது என்று சொல்லும்போது கூடவே வேறு வழி ஒன்றையும் கையில் வைத்திருங்கள். புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போனால், பால்கோவாவைத் திரும்பும்போது வாங்குங்கள். அந்தக் கூட்டத்தில் சுமக்க முடியாது.

போன வாரம் நிவேதா கூப்பிட்டார். மின்னஞ்சல் இல்லை, போன். சேத்தூர்ப் பக்கம் இன்னொரு யூனிட், கார்த்திகையில் போக வேண்டுமாம்.

“வேலை நாளான்னு கேக்காதீங்க. அன்னைக்கு ஆள் வருவாங்களான்னு கேளுங்க,” என்றேன்.

“கேட்டுட்டேன், வருவாங்களாம்,” என்றார். “நீங்க வருவீங்களா?”