நூல் பிடித்தவள்

நாத்தனாருக்கு வேகவைக்கும் முட்டையைச் சைமி எப்படி எடுப்பாள் என்பது எங்கள் சமையலறையில் எல்லோருக்கும் தெரியும். கூடைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாய்த் தடவி, இருப்பதிலேயே சின்னதை எடுப்பாள். பெரியதை எடுத்தால் குடி முழுகிப் போகாது. ஆனால் அந்தக் கைக்கு மனசு வராது.

“என்னடி சைமி, கோழியெல்லாம் இப்ப புறா முட்டை போட ஆரம்பிச்சிடுச்சா?” என்பாள் பக்கத்து அறை ஹுல்டா.

“புறா முட்டை தின்னா பறக்கலாமில்ல? ஓடறவளுக்கு நல்லதுதான்.”

அமுரி குடியிருப்பில் நான்கு குடும்பத்துக்கு நான்கு அறை, நடுவில் ஒரே சமையலறை, ஒரே அடுப்பு. யார் வீட்டுக் கஞ்சி அடிப்பிடித்தாலும் நான்கு வீட்டுக்கும் வாசம் வரும். சைமியின் பொறாமையும் அப்படித்தான். அதை அவளும் மூடி வைக்கவில்லை.

பதினாலு வயதில் பின்லாந்தின் இந்தத் தம்பெரே நகருக்கு வந்து நூற்பாலையில் சேர்ந்தவள் அவள். நெடுநெடுவென்று வளர்த்தி. தொழிலாளர் விளையாட்டுச் சங்கத்தில் ஐந்து கோடைகாலம் அவளை முந்த ஒரு பெண் இல்லை. எங்கள் போட்டிகளில் பரிசு என்றால் வெள்ளிக் கரண்டிதான். சைமியிடம் பதினொன்று சேர்ந்தது. அவள் வீட்டில் காபி குடிக்கப் போனால் கோப்பைக்குக் கோப்பை ஒரு வெற்றியைக் கலக்கிக் குடிக்க வேண்டியிருக்கும். 1925இல் பிராங்க்பர்ட்டில் நடந்த தொழிலாளர் விளையாட்டு விழாவுக்கு அவள் பெயரைக் கொடுத்தாகிவிட்டது. ஜூலையில் ரயில். மே மாதம், மகள் அய்ரா வயிற்றில் இருப்பது தெரிந்தது. பயணம் நின்றதைப் பற்றிச் சைமி ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. ஆனால் தனக்குப் பதிலாக யார் போனாள், என்ன ஆனாள் என்றும் கேட்டதில்லை. விழாச் செய்தி வந்த செய்தித்தாளைப் பிரிக்காமலே அதில் மீனைச் சுற்றி வைத்தாள்.

நான்கு வருடம் கழித்து, அவள் கணவன் நெஸ்தோரியின் தங்கை தொய்னி கிராமத்திலிருந்து வந்து, அதே அறையில் திரைக்குப் பின்னால் ஒரு பலகையில் படுக்க ஆரம்பித்தாள். பத்தொன்பது வயது. ஒரு நாள் ஆலைச் சங்கு ஊத, வாயில் ரொட்டியோடு ஓடியவளை நெஸ்தோரி பார்த்தான். அன்று சாயங்காலமே அவளை மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். பிறகு தினமும். சைமி சமைத்து வைத்துவிட்டு, ஆறிப்போனதை மறுபடி சுட வைத்துக்கொண்டிருந்தாள்.

1931 ஜூனில், அடுத்த மாதம் வியன்னாவில் நடக்கவிருந்த தொழிலாளர் விழாவுக்கு எங்கள் மாவட்டத்திலிருந்து ஒரே ஒரு பெண்ணை அனுப்புவதாகச் சொன்னார்கள். தேர்வு ஓட்டம் நூறு மீட்டர். மிஞ்சியது இருவர்: எங்கள் தொய்னி, பக்கத்து ஊர் லெம்பாலாவிலிருந்து வந்த எல்மா.

முடிவுக்கோட்டில் கட்டும் கம்பளி நூல் எங்கள் ஆலையுடையது. ஒரு முனையைக் கம்பத்தில் கட்டிவிட்டு, மறுமுனையை ஒருத்தி இரு விரலில் பிடித்திருப்பாள். நெஞ்சு பட்டதும் விட்டுவிட வேண்டும். நூற்புக்காரி பிடித்தால்தான் நூல் தொய்யாமல் நிற்கும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அன்று பிடித்தவள் சைமி.

துப்பாக்கி வெடித்தது. இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்தவர்கள் போல வந்தார்கள். எல்மா சைமியின் பக்கத்துத் தடம், தொய்னி கம்பத்துப் பக்கம். நூல் பறந்தது. எல்மா கோட்டைத் தாண்டிக் குப்புற விழுந்து முழங்கால் கிழிந்தது. ஒரு நடுவர் தொய்னி என்றார், இன்னொருவர் எல்மா என்றார், மூன்றாமவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். மறுபடி ஓடவைக்கலாம் என்றால் எல்மாவின் காலில் ரத்தம். பெயர் அன்றைய தபாலிலேயே போக வேண்டும்.

கூட்டுறவுக் கடை வில்யாமிதான் தலைமை நடுவர். சைமி பக்கம் திரும்பினார்.

“தோழர் சைமி, நூல் உங்க கையிலதான இருந்துச்சு. பக்கத்துல இழுத்துச்சா, தூரத்துல இழுத்துச்சா? சொல்லுங்க.”

நூற்புக்காரிக்கு அது தெரியும். பக்கத்தில் இழுத்தால் வெடுக்கென்று இருக்கும்; தூரத்தில் இழுத்தால் சவ்வு மாதிரி வரும். நாங்கள் நாள் முழுக்க விரலால் கேட்பது அதைத்தானே. நெஸ்தோரி வேலியைப் பிடித்துக்கொண்டு பெண்டாட்டியின் வாயையே பார்த்தான்.

“பக்கத்துலதான். எல்மா,” என்றாள் சைமி.

சொல்லும்போது அவள் உதட்டோரம் மேலே போனது. நான் பார்த்தேன். பார்க்காதவர்களுக்கு ஹுல்டா சாயங்காலத்துக்குள் சொல்லிவிட்டாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றது. நெஸ்தோரிக்கு உப்பு வேண்டுமென்றால் மகளிடம் சொல்வான்: “அய்ரா, உங்கம்மாவை உப்பு குடுக்கச் சொல்லு.” ஆலையில் சைமியின் இயந்திரத்தைத் தாண்டிப் போகிறவர்கள் இரண்டு விரலை நீட்டி நூல் விடுவதுபோலக் காட்டினார்கள்.

“கூடப்பிறந்தவளா இருந்தா இப்படிச் செய்வாளா?” என்று அவள் காதுபடவே கேட்டாள் ஹுல்டா.

“எல்மாதான் முந்தினா. எத்தனை தடவை சொல்றது?”

“எத்தனை தடவை வேணா சொல்லு. காசா பணமா?”

சொல்லச் சொல்ல அது பொய்யாகிக்கொண்டே வந்தது. ஒரு தடவை என்னிடமே கேட்டாள்: “எனக்கு அவ ஜெயிக்கக் கூடாதுன்னு இருந்துச்சு, அது நிஜம். கையுமா அப்படி நெனைச்சிருக்கும்?” காபியை ஊற்றிக் கொடுத்தேன்.

ஐந்து வாரம் போனது. ஜூலைக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, முற்றத்து நீராவிக் குளியலறையான சவுனாவுக்கு அடுப்பு மூட்டியாகிவிட்டது. சமையலறையில் நான் ஏலக்காய் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். சைமி உருளைக்கிழங்கு சுரண்டிக்கொண்டிருந்தாள். தொய்னி செய்தித்தாளோடு வந்து நின்றாள்.

“அண்ணி, வியன்னாவுல எல்மா முதல் சுத்துலயே தோத்துட்டா. நாலாவது.”

“ம்.”

“நானா இருந்தாலும் நாலாவதுதான் வந்திருப்பேன்.”

“அஞ்சாவது.”

தொய்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செய்தித்தாளை மடித்தாள்.

“எனக்குத் தெரியும் அண்ணி. நூல் என் மேல படறப்பவே தொளதொளன்னு இருந்துச்சு. அதுக்கு முன்னாடியே இழுத்தாச்சு.”

சைமியின் கையில் கத்தி நின்றது.

“எப்பத்துலருந்து தெரியும்?”

“அன்னிக்கே.”

“அன்னிக்கேவா? அஞ்சு வாரமா உங்கண்ணன் என் மூஞ்சியைப் பாக்கல, ஊரே என்னைக் காறித் துப்புது, நீ பலகையில படுத்துக்கிட்டு வேடிக்கை பாத்தியாடி?”

“நீ சிரிச்சியே.”

சைமி பாதி சுரண்டிய கிழங்கைத் தண்ணீரில் போட்டாள்.

“நிஜத்தைத்தான் சொன்ன. ஆனா சிரிச்சுக்கிட்டே சொன்ன. மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கறேன், எனக்கு எப்படி இருந்திருக்கும்?”

“ஆமா, சிரிச்சேன்,” என்றாள் சைமி. “சந்தோஷமா இருந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு.”

“அவ்வளவுதானா? நானா இருந்தா ஒரு வாரம் இருந்திருப்பேன்.”

அப்போது நெஸ்தோரி விறகோடு உள்ளே வந்தான். சைமி கத்தியால் அவனைக் காட்டினாள். “அவன்கிட்ட சொல்லு.”

தொய்னி சொன்னாள். நூல் தொளதொளவென்று இருந்ததை, அன்றே தெரிந்ததை, எல்லாவற்றையும். நெஸ்தோரி விறகைக் கீழே வைக்கவும் மறந்து நின்றான். பிறகு ஐந்து வாரத்தில் முதல் தடவையாகப் பெண்டாட்டியிடம் நேராகப் பேசினான்.

“அப்ப எதுக்குச் சிரிச்ச?”

“பொறாமை. வேற எதுக்கு? அஞ்சு வருஷம் இந்த ஊர்ல ஒவ்வொருத்தியும் என் முதுகைத்தான் பாத்தா. புள்ளை பெத்தப்புறம், மறுபடி ஓடறியான்னு ஒருத்தராவது கேட்டீங்களா? நீ கேட்டியா?”

“இந்த வயசுல நீ எங்க...”

“கேட்டிருக்கலாம்ல அண்ணா,” என்றாள் தொய்னி.

“நீ சும்மா இரு. உன் வக்காலத்து ஒண்ணும் எனக்கு வேண்டாம்,” என்று சைமி அவள் மேல் பாய்ந்தாள்.

நெஸ்தோரி விறகை அடுப்போரம் வைத்தான். “தண்ணி சூடாயிடுச்சு. நீங்க முதல்ல போங்க,” என்றான். அய்ராவைப் பார்த்துச் சொல்லவில்லை.

அன்று பெண்கள் எல்லோரும் சேர்ந்தே சவுனாவுக்குப் போனோம். மேல் படியில் தொய்னி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஆவியில் அந்தத் தொடைகள் மெழுகி வைத்ததுபோல மின்னின. சைமி ஏறும்போது அவற்றையே பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள், பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்ளவும் இல்லை.

“தள்ளி உக்காருடி,” என்றாள். “இருக்கற இடத்தையெல்லாம் நீயே எடுத்துக்கிட்டா மத்தவங்க எங்க போறது?”