நுஸ்ஹாவின் சிவப்புப் பூட்டு

நுஸ்ஹாவோடு வேலை செய்வது பெரிய கரைச்சல். இதை அவளுடைய முகத்துக்கு நேரேயே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆகையால் இங்கே எழுதுவதில் பிழையில்லை.

கல்முனையில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நான் சர்மினி, பாண்டிருப்பிலிருந்து வருகிறேன், படம் பிடிப்பவள். கலண்டர் அடிப்பவர்களும் விளம்பரக்காரர்களும் எங்கள் படங்களை வாங்குவார்கள். எடுக்கும் படமெல்லாம் இணையத்தில் இருக்கும் எங்கள் களஞ்சியத்துக்குள் போகும். அதற்குக் காவல் நுஸ்ஹா. படத்தில் இருப்பது யார், அவர் சம்மதித்தாரா, எங்கே போடலாம், எந்தத் தேதி வரை போடலாம், எல்லாவற்றையும் அவள் நிரப்பவேண்டும். ஒரு கட்டம் வெறுமையாகக் கிடந்தாலும் படத்தின்மேல் சிவப்புப் பூட்டு விழும். பிறகு கொழும்புத் தலைமையகமே தலைகீழாக நின்றாலும் திறக்கமாட்டாள்.

ஒருமுறை பெயின்ற் விளம்பரத்துக்காகச் சாய்ந்தமருதில் ஒரு வீட்டைப் படம் பிடித்தேன். வீட்டுக்காரர் ஆசையாகக் கையெழுத்து வைத்தார். நுஸ்ஹா தாளைத் திருப்பித் தந்தாள்.

"வீடு ஆர்ர பேரில, சர்மினி?"

"அவர்ர வீடுதானே."

"நம்மட ஊரில எந்த ஆம்புளைக்கு வீடு இருக்கு? பொண்டாட்டிக்குச் சீதனமாக் குடுத்த வீடு. அவதான் கையெழுத்து வைக்கோணும்."

மனிதருக்கு முகம் கறுத்துவிட்டது. மனைவியோ குசினிக்குள்ளிருந்து கை துடைத்துக்கொண்டு வந்து, தாளை ஆறுதலாக வாசித்து, முன்கதவைத் திருத்திய பிறகு வேறு படம் எடுக்கச் சொல்லிவிட்டார். எனக்கு இரண்டு நாள் வேலை வீண்.

அவள் இப்படி ஆனதற்கும் ஒரு கதை உண்டு. உயர்தரம் படித்த காலத்தில் ரியூசன் வகுப்பு நடத்திய ஒருவர், கேட்காமலே அவளுடைய படத்தைப் போஸ்டரில் அடித்துச் சந்திக்குச் சந்தி ஒட்டியிருக்கிறார். வாப்பா ஒரு மாதம் வகுப்புக்கே அனுப்பவில்லையாம். இப்போது முப்பத்தாறு வயதில், கல்யாண வீட்டில் யாராவது போனை நீட்டினால்கூட, "கேட்டீங்களா?" என்று நடுவில் போய் நிற்பாள். சொந்தக்காரர்களே அவளைக் கண்டால் ஒதுங்குவார்கள்.

போன வருடம் அறுவடையின்போது, சவளக்கடை வயலில் ஸைனம்பு உம்மாவையும் அவருடைய கணவர் அப்துல் ஹமீட்டையும் எடுத்தேன். ஆளுக்கொரு முனையாக நெல் மூட்டையைப் பிடித்துத் தூக்குகிறார்கள். ஹமீட் எதற்கோ சிரிக்கிறார். இருவரும் சம்மதம் தந்தார்கள். ஸைனம்பு உம்மா ஒரு பிரதி கேட்டார். பிரதி வெளியே போகக்கூடாது என்றுவிட்டாள் நுஸ்ஹா. இணையத்தில் பார்க்கும் இணைப்பை மட்டும் அனுப்பிவைத்தேன். எனக்கு அன்றே கோபம்தான்.

ஆறு மாதத்தில் ஹமீட் மாரடைப்பால் மவுத்தாகிவிட்டார். அடுத்த கிழமை ஸைனம்பு உம்மாவின் தம்பி நூஹு மாடியேறி வந்தார்.

"ராத்தா இத்தாவில இருக்கா. அந்நிய ஆம்புளையள் பாக்கப்படாது. படம் ஊரெல்லாம் பாக்கிற மாதிரிக் கிடக்கு. எடுத்துப்போடுங்க."

நுஸ்ஹாவின் கண் கலங்கிவிட்டது. புருஷனை இழந்தவர் வீட்டோடு இருக்கவேண்டிய நாலு மாதத்தையும் பத்து நாளையும் எண்ணி, அந்தத் தேதி வரைக்கும் படத்தைப் பூட்டினாள். பூட்டுவதற்குக் காரணம் கேட்கும் பட்டியலில் ஒப்பந்தம் இருந்தது, வழக்கு இருந்தது, இத்தா இல்லை. 'பிற' என்று அழுத்தினாள். ஏன் என்று கொழும்பு கேட்டதற்கு, "அது எங்கட விசயம்" என்று முடித்துவிட்டாள். எனக்கு அவள்மேல் மரியாதையே வந்தது.

மூன்று கிழமை கழித்து ஸைனம்பு உம்மா எனக்குப் போன் எடுத்தார்.

"மகள், அந்தப் படம் எங்க? ஒவ்வொரு நாளும் சுபஹு தொழுதுட்டுப் பாப்பன். இப்ப பூட்டு ஒண்டுதான் வருது. அவர் மவுத்தானதால எடுத்துட்டீங்களா?"

நுஸ்ஹாவிடம் போய்க் கொஞ்சம் உறைப்பாகவே சொன்னேன். "ஊருக்கெல்லாம் கேட்டீங்களா எண்டு நிக்கிற நீ, அவவக் கேட்டியா?"

அவள் பையை எடுத்தாள். பெண்கள் போய்ப் பார்க்கத் தடையில்லை. இருவரும் ஓட்டோவில் போனோம்.

ஸைனம்பு உம்மா வெள்ளை உடுப்போடு அறைக்குள் பாயில் இருந்தார். நுஸ்ஹா சலாம் சொல்லி, முன்னால் அமர்ந்து, நேரே விசயத்துக்கு வந்தாள்.

"நான்தான் பூட்டினன், உம்மா. நூஹு காக்கா சொன்னார். உங்களக் கேக்கல்ல. என்ட பிழை."

"இத்தா எனக்குத்தானே புள்ள. அவரை ஏன் மறைச்சீங்க? எங்கட கலியாணத்துக்கும் படம் பிடிக்கல்ல. வேற ஒரு படத்திலயும் நாங்க ஒண்டா நிக்கல்ல."

நுஸ்ஹா அழுதுவிட்டாள். அழுதழுதே முழுப் படத்தின் பிரதியை அவருடைய போனுக்கு அனுப்பினாள். பிறகு கேட்டாள்.

"ஊர் பாக்கிற படத்தை என்ன செய்ற? திறக்கட்டா, இத்தா முடியும் வரைக்கும் பூட்டியே வைக்கட்டா? நீங்க சொல்லுங்க."

ஸைனம்பு உம்மா போனில் வந்த படத்தில் தன்னைத் தொட்டுக் காட்டினார்.

"என்னைய வெட்டி எடுங்க. அவர் நிக்கட்டும். கட்டாரில இருக்கிற மகளும் அதிலதான் வாப்பாவப் பாக்கிறா."

நுஸ்ஹா போனிலேயே வெட்டிப் பார்த்தாள். முகம் போயிற்று, தோள் போயிற்று. மூட்டையைப் பிடித்த கை மட்டும் போகவில்லை.

"கை நிக்குது, உம்மா. அதையும் வெட்டினா மூட்டையும் பாதி போயிரும்."

அவர் போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"கை நிக்கட்டும் புள்ள. தனியத் தூக்க அவருக்கு ஏலா."