எந்த இழுப்பு என்று நான் கேட்கவில்லை

பரமேஸ்வரியின் சாவுக்கு நான் காரணம். அந்தப் பழியை ஜெயாவின் தலையில் போட்டவளும் நானே! இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஹட்டனில் ஒரு சுகாதார ஆய்வு அலுவலகத்தில் கணினியில் தரவு பதிந்துகொண்டிருந்தேன். தேயிலைத் தோட்டங்களில் அப்போது மூன்று ஆய்வுகள் நடந்தன: குடும்பங்களின் நோய் விவரம், தாய்மார், குழந்தைகள். ஒன்றின் விவரம் மற்றதற்கும் உதவட்டும் என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரே குறியீட்டுப் பட்டியல் வந்தது. ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண். சொல்லில் சந்தேகம் இருந்தால் எழுதியவரிடம் கேட்க வேண்டும். அந்தச் சொல்லையும் அப்படியே பக்கத்துக் கட்டத்தில் பதிய வேண்டும்.

வட்டவளைப் பக்கம், தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய் விவரம் எழுதியவள் ஜெயா, அந்தத் தோட்டத்துப் பெண். கர்ப்பிணியான பரமேஸ்வரியின் தாளில், ‘முதல் பிரசவத்தில் இழுப்பு’ என்று எழுதியிருந்தாள்.

“வெளங்காட்டி கேளுங்க மிஸ். எங்க பேச்சு வேற மாதிரி இருக்கும்,” என்றாள்.

“எனக்குத் தமிழ் விளங்கும், பிள்ளை!”

வாத்தியார் மகள் அல்லவா நான்! என் அப்பாவுக்கு மழைக்காலத்தில் வருவதும் இழுப்புத்தான். மூச்சிழுப்புக்குரிய எண்ணைத் தட்டினேன். பக்கத்துக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

தாய்மார் ஆய்வுக்காரர்கள் என் தரவிலிருந்து ஒரு பட்டியல் எடுத்தார்கள். முன்பு வலிப்பு வந்தவர்களைப் பிரசவத்துக்கு முன்பே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு. பரமேஸ்வரி அதில் இல்லை. தோட்டத்திலேயே பிள்ளை பெற்றாள். பிள்ளை பிழைத்தது. அவள்...

அவள் புருஷன் முனியாண்டி அலுவலகத்துக்கு வந்தார்.

“மொதப் புள்ளைக்கே இழுப்பு வந்துச்சுங்க மிஸ். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. எல்லாம் சொல்லித்தானே எழுதுனாங்க? பெறகு ஏன் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லல?”

ஐயோ! அவர்கள் பேச்சில் வலிப்பும் இழுப்புத்தான்.

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? ஆய்வு டாக்டர் விசாரித்தபோது, “நான் கேட்டனான் டொக்டர், ஜெயாதான் விளக்கமாச் சொல்லேல்லை,” என்றேன்.

ஜெயா பக்கத்தில்தான் நின்றாள். “எப்ப மிஸ் கேட்டீங்க?” என்றாள், அவ்வளவு மெதுவாக. நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மறுவாரமே கொழுந்து பறிக்கப் போனாள்.

ஏன் வாய் திறக்கவில்லை? வேலை போய்விடும் என்ற பயமா? தோட்டத்துப் பெண்ணிடம் தோற்கிற வெட்கமா? இரண்டும்தான்... வெட்கம் கொஞ்சம் கூடுதல்.

சில மாதம் கழித்து மூன்றாவது ஆய்வில், குழந்தைகள் ஆய்வில், பரமேஸ்வரியின் பிள்ளையுடைய தாள் என் மேசைக்கு வந்தது. ‘தாய்க்கு மூச்சிழுப்பு’ என்று கணினி தானாகவே அச்சடித்திருந்தது. ஒரே குறியீடு அல்லவா, நான் பதிந்தது எல்லோரிடமும் போயிருந்தது; விசாரணைக்குப் பிறகும் யாரும் அதைத் திருத்தவில்லை. அதை அடித்து, ‘கேட்காமல் பதிந்தது என் பிழை’ என்று காரணம் எழுத ஒரு வரி போதும். திருத்தினால் ஜெயா குற்றமற்றவள், நான்...?

‘சரிபார்த்தேன்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.