எங்கள் வீட்டில் நாய் இல்லை

முத்தியால்பேட்டையில் எங்கள் வாசலில் ஒரு செவலை நாய் கிடக்கும். கிடக்குமே தவிர, அது எங்கள் நாய் இல்லை. சங்கிலி கிடையாது, பெயர் கிடையாது, படி தாண்டி உள்ளே வர அனுமதியும் கிடையாது. எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, சாயங்காலமானால் படியில் உட்கார்ந்து அதன் காதை விரித்து உண்ணி பொறுக்குவாள். பொறுக்கியதை நகத்தில் வைத்து நசுக்குவாள். அது சொக்கிப்போய் அவள் மடியில் தலையைச் சாய்க்கும். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் அத்தைக்குக் காய்ச்சல் கண்டது. தலை வெடிக்கிறது என்றாள். உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகள் கிளம்பின. அம்மை என்று அம்மா வேப்பிலை வைத்தாள். ஆளை அடையாளம் தெரியாமல் அத்தை உளறத் தொடங்கிய பிறகுதான் அப்பா ஆட்டோ பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் டெங்கு இல்லை என்றார்கள். டாக்டரம்மா அத்தையின் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் திருப்பிப் பார்த்தார். அங்கேயும் புள்ளிகள்.

"வீட்ல நாய் வளக்கிறீங்களா?"

"இல்லீங்க" என்றார் அப்பா. பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்திருந்தார்.

அத்தை கண்ணைத் திறக்காமலே முனகினாள். "அதுக்கு சோறு வெச்சீங்களா?"

"எதுக்கு?" என்று டாக்டரம்மா அம்மாவைப் பார்த்தார்.

"அது தெரு நாய்ங்க. இவதான் உக்காந்து அதுக்கு உண்ணி எடுத்துக்கினு இருப்பா."

யார் வீட்டு நாய் என்று விசாரித்துவிட்டா உண்ணி கடிக்கிறது? டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இது உண்ணியால் வரும் காய்ச்சல், இன்னும் தாமதித்திருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டாள் என்று சொல்லி உடனே மருந்தை மாற்றினார். காய்ச்சல் இறங்கியது. நாய்க்கு உண்ணி மருந்து போடுங்கள், வெறுங்கையால் நசுக்காதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினார். அப்பா காதில் 'நாய்' என்பது மட்டும்தான் விழுந்தது.

அத்தை வீடு திரும்பியபோது வாசல் காலியாக இருந்தது. அப்பா அதை ஆட்டோவில் ஏற்றிப்போய் அரியாங்குப்பத்தில் விட்டிருந்தார். "அங்க மீனு நெறைய கெடைக்கும், ராஜா மாரி இருக்கும்" என்று அவர் என்னிடம் சொன்னதை அப்படியே அத்தையிடம் ஒப்பித்தேன். அவள் முகம் கழுவப் போனாள்.

தெம்பு வந்ததும், ஞாயிற்றுக்கிழமைதோறும் "மீன் வாங்கியாறலாம் வாடி" என்று என்னை பஸ்ஸில் ஏற்றி ஆற்றுப்பாலம் தாண்டி அழைத்துப்போவாள். சன்னலோரம் எனக்கு. அரியாங்குப்பத்தில் தெருத் தெருவாக நடப்போம். மீன்காரம்மாக்கள் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள்; நிற்கும் வண்டிகளுக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்ப்பாள். வெறும் பையோடு வீடு வருவோம்.

அத்தை இப்போது இல்லை. அவள் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒருமுறை அந்தத் தெருக்களில் நடந்தால் போதும் என்றிருக்கிறது. அன்றைக்கோ, திரும்பி வரும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த வாரமும் அத்தைக்கு எதுவும் கிடைக்கக்கூடாது, நாங்கள் மறுபடியும் வர வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொள்வேன்.